கிரிப்டிக் குறுக்கெழுத்து: குறிப்பை அவிழ்த்த அனுபவங்கள்

"சட்டத்தின் நடுவைப் பணம் விழுங்கிய நகரம் (5)"

விடைக்கான வழியைக் குறிப்புக்குள்ளேயே மறைத்து வைக்கும் குறுக்கெழுத்துதான் கிரிப்டிக். அதைப் பழகுகிறவர்களுக்கு இந்த ஒரு குறிப்பை முழுதாகப் பிரித்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். படித்தவுடன் ஊழலைக் கண்டிக்கும் வரி போலத் தெரிகிறது. விடைக்கும் ஊழலுக்கும் தொடர்பே கிடையாது. இதை வாக்கியமாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, எழுத்துகளுக்கு இட்ட கட்டளையாகப் படிக்க வேண்டும்.

முதலில் அடைப்புக்குள் இருக்கும் 5. அது விடையின் எழுத்து எண்ணிக்கை. புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அடுத்தது நேர்ப்பொருள், அதாவது விடையின் பொருளை நேராகச் சொல்லும் பகுதி. அது குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் இருக்காது. தமிழில் பெயரெச்சம் பெயரை நோக்கியே ஓடும் என்பதால் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்கும். அதனால் முடிவிலிருந்து சோதிப்பது நல்ல பழக்கம். இங்கே 'நகரம்' நேர்ப்பொருள். 'விழுங்கிய' என்பது சைகைச் சொல்: ஒன்றுக்குள் இன்னொன்றை நுழை என்கிறது. 'நடு' இன்னொரு சைகை. சட்டம் நான்கெழுத்து, அதன் நடுவில் இருப்பவை ட்ட. பணம் மூன்றெழுத்து. 3 + 2 = 5, கணக்கு சரி. ட்ட நுழைய இரண்டே இடைவெளிகள் உள்ளன: 'ப'வுக்குப் பின், அல்லது 'ண'வுக்குப் பின். இரண்டாவதில் 'பணட்டம்' வரும், அப்படி ஒரு சொல் இல்லை. ஆக ப(ட்ட)ணம், பட்டணம்.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நேர்ப்பொருளை மட்டும் நம்பினால் 'பட்டினம்' என்றும் எழுதத் தோன்றும். அதுவும் ஐந்தெழுத்து, அதுவும் நகரம்தான். மூன்றாம் கட்டத்திலும் நான்காம் கட்டத்திலும் தவறு புகுந்துவிடும், அங்கே குறுக்கிடும் சொற்களும் கெடும். பணத்திலிருந்து 'ண' வருகிறதே என்று வழியைச் சரிபார்த்தவர் தப்பிப்பார். விடை தெரிந்துவிட்டது என்று வழியை முடிக்காமல் விடுவதுதான் கிரிப்டிக்கில் அடிக்கடி நடக்கும் பிழை.

* * *

மேலே உள்ள குறிப்பில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அச்சில் இருப்பது 'சட்டத்தின்'. அதில் ச, ட், ட, த், தி, ன் என்று ஆறெழுத்து. அதன் நடுவை எடுத்தால் 'டத்' கிடைக்கும், வழி அடைபட்டுவிடும். வேற்றுமை உருபும் சாரியையும் வாக்கியத்துக்காக வந்தவை. அவற்றைக் கழற்றி 'சட்டம்' என்ற மூலச் சொல்லுக்குப் போக வேண்டும். வீட்டில் என்றால் வீடு, மரத்தை என்றால் மரம். 'சொல்லின் நடு', 'சொல்லின் தலை', 'சொல்லின் கடை' என்று வரும் இடங்களில் எல்லாம் இதுவே வழக்கு.

குறிப்பின் அடுத்தடுத்த எழுத்துகளுக்குள் விடை ஒளிந்திருக்கும் வகையில் மட்டும் இது தலைகீழ். அங்கே அச்சில் இருப்பது இருக்கிறபடியே எண்ணப்படும். உதாரணமாக:

"மீன் பிடிக்க வலைக்குள் அகப்பட்ட வருத்தம் (3)"

'பிடிக்க வலை' என்பதில் கடைசி 'க'வையும் அடுத்த சொல்லையும் சேர்த்துப் படித்தால் கவலை. சொற்களுக்கு இடையே உள்ள வெளி கணக்கில் இல்லை. இதையே 'மீன் பிடிக்க வலை விரித்தவனுக்குள் வருத்தம்' என்று எழுதினால் படிக்க இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் 'விரித்தவன்' என்ற சொல்லுக்கு எழுத்து வேலை எதுவும் இல்லை. அது அலங்காரத்துக்கு நிற்கும் சொல். கறாரான குறிப்பில் அதற்கு இடம் தரக் கூடாது என்பது என் கட்சி. முதலில் தந்த குறிப்பில் உள்ள 'மீன்' என்ற சொல்லும் அதே குற்றத்துக்கு உட்பட்டதுதான். அதை எடுத்துவிட்டு 'பிடிக்க வலைக்குள் அகப்பட்ட வருத்தம்' என்றாலே போதும்.

வல்லொற்று மிகும் இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒளிந்திருக்கும் வகையில் 'தலைப்' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் ப்-உம் ஓர் எழுத்து. எழுத்துகளைக் கலைத்துப் போடும் வகையில் அதைச் சேர்க்கக் கூடாது.

* * *

கலைத்துப் போடும் வகையைப் பற்றி:

"நாடு கடைசியில் கவிதையோடு குழம்பிய புதிர் (4)"

நாடு என்பதன் கடைசி எழுத்து டு. கவிதை என்பதில் க, வி, தை. 'குழம்பிய' என்றால் கலைத்துப் போடு. நான்கு எழுத்துகளை 24 விதமாக அடுக்கலாம். ஆனால் டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. டு முதலில் நிற்கும் ஆறையும் தள்ளினால் மீதி 18. கதை என்ற துண்டு கண்ணில் பட்டுவிட்டால் அதன் முன் விடு, விடை விடுகதை.

அதாவது பள்ளியில் படித்த எழுத்திலக்கணம் இங்கே நேரடிக் கருவி. கட்டத்தை நிரப்பும்போது கீழே உள்ளவை கையோடு இருக்கட்டும். புள்ளி எழுத்து சொல்லின் முதல் கட்டத்தில் வராது. அளபெடையை விட்டுவிட்டால் உயிரெழுத்து முதல் கட்டத்தைத் தவிர வேறெங்கும் வராது. க், ச், த், ப் வந்தால் அடுத்த கட்டத்தில் அதே வரிசை எழுத்துதான் (பக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் விலக்கு). ங் வந்தால் அடுத்து ககர வரிசை (அங்ஙனம் போன்றவை விலக்கு). சொல்லின் கடைசியில் வல்லின மெய் நிற்காது, பிறமொழிச் சொல்லாக இருந்தாலொழிய.

இவற்றைவிடப் பெரிய பயன் குறுக்கிடும் கட்டத்தில் கிடைக்கிறது. ஒரு குறுக்குச் சொல்லின் மூன்றாம் கட்டத்திலிருந்து ஒரு நெடுக்குச் சொல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கில் அது நடு எழுத்து, ஆகவே உயிர் இல்லை. நெடுக்கில் முதல் எழுத்து, ஆகவே மெய் இல்லை. உயிர்மெய்தான், அதிலும் மொழிக்கு முதலில் வரும் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ வரிசைகளில் ஒன்று. ரயில், லாபம், டயர் மாதிரிச் சொற்களை மட்டும் ஒரு கண் பார்த்துக்கொண்டால் போதும். ஓர் எழுத்துகூட நிரப்பாத கட்டத்தைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிறது! ஆங்கிலத்தில் 26 எழுத்துக்குள் ஒன்று தெரிவதற்கும், தமிழில் 247-க்குள் 'கி' என்று திட்டமாகத் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும்தான்.

* * *

எழுத்தின் உறுப்புகளை வைத்து ஆடும் வகை தமிழுக்கே உரிய சொத்து, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 'கால்' என்று வந்தால் உடலின் காலையோ நான்கில் ஒரு பங்கையோ மட்டும் நினைக்காதீர்கள், ா என்ற துணைக்காலையும் நினையுங்கள். 'கொம்பு' என்றால் ெ அல்லது ே.

"தோளிலிருந்து கால் எடுத்தால் கொட்டுவது (2)"

தோள் என்பதில் இரட்டைக் கொம்பும் காலும் இருக்கின்றன. கால் போனால் தேள். கொம்பு போயிருந்தால் தாள். ஓகார எழுத்து வந்தாலே இரண்டு கதவு திறக்கும்: கோடு என்பதில் கால் நீங்கினால் கேடு, கொம்பு நீங்கினால் காடு, இரண்டும் நீங்கினால் கடு. கோடு என்பதற்கே கொம்பு என்ற பொருளும் உண்டு என்பதால் குறிப்பு அமைப்பவர் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றலாம். "கொம்பிழந்த பெண் ராகம் (2)" என்றால் பண்.

இவை ஒன்றும் புதிதாக வந்தவை அல்ல. எழுத்தைக் குறைத்துக்கொண்டே போய் வேறு வேறு சொல் காண்பதை அக்கரச்சுதகம் என்றும், செய்யுளுக்குள் செய்யுளை ஒளிப்பதைக் கரந்துறைச் செய்யுள் என்றும் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சித்திரகவிகள் என்ற எழுத்து விளையாட்டுச் செய்யுள்களில் வைக்கிறது. அவற்றுள் ஒன்றான மாலைமாற்றுக்கு மட்டும் ஒரு வேறுபாடு. அதில் திருப்பினாலும் அதே தொடர் வரும். குறுக்கெழுத்தில் திருப்பினால் வேறு ஏதாவது வர வேண்டும். "சுரத்தின் தலையருகே திரும்பிய திரு, பாட்டுக்கு ஆதாரம் (3)": சு + ருதி.

* * *

விடைக்கு வந்த வழியை விளக்கி எழுதுகிறவர்களுக்கு.

"ராணியைத் தொடரும் தலையிழந்த புயல் கட்சிக்காரர்களின் களம் (5)" என்பதற்கு அரசியல் என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, விளக்கத்தில் 'அரசு + இயல்' என்று எழுதியதை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்க்க முடிகிறது. அது சொல்லின் பிறப்பு, குறிப்பின் வழி இல்லை. வழி இது: ராணி = அரசி, புயல் − பு = யல், அரசி + யல். நல்ல குறிப்பு சொல்லை அதன் இயல்பான மூட்டில் பிரிக்காமல் வேறிடத்தில் வெட்டும். மணிமேகலையை மணி, மேகலை என்று வெட்டுவதில் என்ன ருசி இருக்கிறது?

ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை காட்ட வேண்டும். 1949-இல் ஆஃப்ரிட் என்ற புனைபெயர்கொண்ட ஆங்கிலக் குறுக்கெழுத்து அமைப்பாளர் ரிச்சி வகுத்த நெறி இன்றும் அளவுகோல்: அமைப்பவர் சொல்வதைத்தான் கருத வேண்டும் என்பதில்லை, ஆனால் கருதியதைச் சொல்லியே ஆக வேண்டும். விளக்கம் எழுதும்போது ஒரு சொல் எந்தக் கணக்கிலும் சேராமல் மிஞ்சினால், வழி தவறு, அல்லது குறிப்பு தவறு. எது என்று கண்டு எழுதுங்கள்.

குறியீட்டில் ஒரே முறையைப் பின்பற்றினால் படிப்பவருக்குச் சுலபம். நேர்ப்பொருளுக்கு அடிக்கோடு. நுழைப்புக்கு அடைப்பு, ப(ட்ட)ணம். கலைப்புக்கு உடுக்குறி, (கவிதை + டு)*. திருப்பத்துக்கு <, திரு<. நீக்கத்துக்குக் கழித்தல் குறி.

ஒரே மாதிரி ஒலிக்கும் வேறு சொல்லை விடையாக்கும் ஒலி வகைக்குத் தனி எச்சரிக்கை. "கொல்லன் கருவி என்று காதில் விழுந்தது தருமம் (3)" என்பதில் கருவி அரம், விடை அறம். 'என்று' முன்னால் உள்ளதைப் பற்றிக்கொள்வதால் ஒலி எது, விடை எது என்பதில் குழப்பம் இல்லை. 'கொல்லன் கருவி ஒலிக்கும் தருமம்' என்றிருந்தால் இரண்டு பக்கமும் இழுக்கும். ர, ற மாற்றம் ஒலி வகையில் மட்டுமே செல்லும். மற்ற வகைகளில் ல-வுக்கு ள போட்டு ஒப்பேற்றினால் அதை ஏற்கக் கூடாது.

* * *

கணினியில் கட்டம் அமைப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. பட்டணம் நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் புள்ளிகள் தனிக் குறி என்பதால் 7. நிரல் நீளத்தை அப்படியே எண்ணினால் அடைப்புக்குள் 7 என்று அச்சாகிவிடும். திரு என்பதை நிரல் வழியாகத் திருப்பினால் உகரக் குறி முன்னால் வந்து ஒட்ட எழுத்தில்லாமல் நிற்கும். முதலில் குறிகளை அவற்றின் மெய்யோடு சேர்த்து எழுத்துகளாகப் பிரித்துவிட்டு, பிறகுதான் எண்ணுவதும் திருப்பி அடுக்குவதும். க்ஷ, ஸ்ரீ இரண்டும் ஒரே கட்டமா, பிரித்து எழுதுவதா என்பதைப் புதிரின் தலைப்பிலேயே அறிவித்துவிடுங்கள்.