ஏசி போட்டா முன்சீட்டு கால் பக்கம் தண்ணி கொட்டுது, டேஷ்போர்டு இறக்கியே ஆகணுமா?

திருச்சி_பைபாஸ்
வணக்கம் மக்களே. நாலு வருஷ காம்பாக்ட் எஸ்யூவி, பெட்ரோல், 42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. தினமும் தஞ்சாவூர் போயிட்டு வர்றேன், இந்த வெயில்ல ஏசி இல்லாம ஆகாது. போன வாரம் அம்மாவ முன்சீட்டுல உக்கார வச்சு கூட்டிட்டுப் போனேன், துவாக்குடி தாண்டி ஒரு ரைட் திரும்புனதும் டேஷ்போர்டுக்குள்ள இருந்து 'களக்'னு சத்தம், அம்மா "தம்பி, தண்ணி பாட்டில் கவுந்துருச்சுடா, புடவையெல்லாம் ஈரம்"ங்குறாங்க. பாட்டில் பின்சீட்டுல மூடியோட கெடக்கு. மேட்ட தூக்கிப் பாத்தா கார்பெட் சொதசொதன்னு இருக்கு. கூலிங்ல ஒரு குறையும் இல்ல. சர்வீஸ் சென்டர்ல காட்டுனேன், குனிஞ்சுகூட பாக்காம கூலிங் காயில் லீக்கு, டேஷ்போர்டு முழுசா இறக்கணும், 23,000 ஆகும்னுட்டாங்க. வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா? நாமளே பண்ற மாதிரி ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க.

ஸ்பேனர்_மாமா
தம்பி காசு கட்டிடாதீங்க. கூலிங் காயில்ல ஓட்டை விழுந்தா வெளிய போறது கேஸ், தண்ணி இல்ல. கேஸ் போச்சுன்னா கூலிங்கும் கொறையணும், உங்களுக்குத்தான் நல்லா இருக்கே. காத்துல இருக்குற ஈரம் காயில்ல பட்டு தண்ணியா சொட்டும், அது ஒரு சின்ன ரப்பர் டியூப் வழியா வண்டிக்கு அடில போயிடணும். அந்த டியூப் அடைச்சா தண்ணி காயில் பெட்டிக்குள்ளயே தேங்கும், நீங்க ரைட்ல திரும்பும்போது இடது பக்கம் சாஞ்சு அம்மா கால்ல கொட்டும். அந்தக் களக் சத்தம் அதான்.

ஒரு டெஸ்ட் பண்ணுங்க. காஞ்ச தரையில, காத்தோட்டமான வெளி எடத்துல நிறுத்தி ஏசிய ஃபுல்லா வச்சு 15 நிமிஷம் விடுங்க. புழுக்கமான நாள்ல அடில நல்லா சொட்டணும். ஒரு சொட்டுகூட இல்லன்னா அடைப்புதான். அப்புறம் வண்டி எங்க நிக்குது, மரத்தடிலயா?

கோவை_டர்போ
எனக்கும் இதே பிரச்சனை ப்ரோ. பங்சர் கடைல ஏர் கன்ன வச்சு கீழ இருந்து ஒரு அடி அடிச்சாங்க, ரெண்டே செகண்டுல க்ளியர். 50 ரூபா டீ காசு குடுத்தேன்.

ஸ்பேனர்_மாமா
உங்களுக்கு நல்ல நேரம், தப்பிச்சீங்க. அந்த பிரஷர்ல டியூப் உள்பக்கமா கழண்டுச்சுன்னா அப்புறம் நெசமாவே டேஷ்போர்டுல கை வைக்க வேண்டி வரும். அதுவும் இல்லாம அழுக்கு மொத்தமும் காயில் பக்கமே திரும்பிப் போகும். புல்லு வெட்டுற மெஷின்ல வர்ற நைலான் கம்பி போதும், நுனிய நெருப்புல லேசா காட்டி மழுக்கிட்டு மெதுவா திருகித் திருகி உள்ள விடுங்க. இரும்புக் கம்பி வேணாம், காயில் ரொம்ப மெல்லிசு, குத்துச்சுன்னா அந்த 23,000 உண்மையாயிடும். வண்டிய ஜாக்கில மட்டும் தூக்கி வச்சுட்டு அடில படுத்துடாதீங்க, ஸ்டாண்டு குடுங்க, இல்லன்னா பக்கத்து வாட்டர் வாஷ் கடைல ராம்ப்ல ஏத்திக் கேளுங்க.

மழைக்கால_சாரதி
மாமா சொல்றது சரி, ஆனா ஏசினு முடிவு கட்றதுக்கு முன்னாடி அந்தத் தண்ணிய தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு, கலரா, ஒரு மாதிரி இனிப்பு வாசனை வந்தா அது கூலன்ட், அதாவது இஞ்சின் சூட்ட ஆத்துற திரவம்; டேஷ்போர்டுக்குள்ள அது ஓடுற ஹீட்டர் கோர்ல (சின்ன ரேடியேட்டர் மாதிரி) லீக்குனு அர்த்தம், கண்ணாடிலயும் உள்பக்கம் எண்ணெய் பூசுன மாதிரி படியும். நக்கியெல்லாம் பாத்துறாதீங்க, விஷம். இஞ்சின் ஆறுனதுக்கு அப்புறம் கூலன்ட் டப்பால மட்டம் கொறைஞ்சிருக்கானும் ஒரு பார்வை பாத்துக்கோங்க.

மழை பேஞ்சா மட்டும் நனைஞ்சா கதை வேற. என் வண்டில சன்ரூஃப்ல விழுற மழைத்தண்ணி வெளிய போற ட்ரெயின் டியூப் அடைச்சு ஒரு ஐப்பசி முழுக்க நான் ஏசிய திட்டிட்டு இருந்தேன்.

திருச்சி_பைபாஸ்
மக்களே, முடிஞ்சுது! தண்ணி பச்சத் தண்ணிதான், கலரும் இல்ல வாசனையும் இல்ல, கூலன்டும் மட்டத்துல இருக்கு. 20 நிமிஷம் ஏசி ஓட்டுனேன், அடில தரை காஞ்சே கெடந்துச்சு. வாட்டர் வாஷ் ராம்ப்ல ஏத்தி, இடது பக்கம் இஞ்சினுக்குப் பின்னாடி ஃபயர்வால்ல (இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகடு) விரல் தண்டி ரப்பர் டியூப் ஒண்ணு வளைஞ்சு நின்னத கண்டுபிடிச்சேன், வாய்ல மண்ணு. குளவி கூடு கட்டி வச்சிருக்கு! அத சுரண்டிட்டு நைலான் கம்பிய விட்டா உள்ள இன்னும் ஏதோ தடுக்குது, திருகுனேன், முதல்ல கருப்பா சேறு மாதிரி, அப்புறம் மக்கிப்போன வேப்பம்பூ, அதுக்கப்புறம் மடமடன்னு தண்ணி, என் சட்டக்கை வழியா அக்குள் வரைக்கும். பக்கெட்ல புடிச்சது மட்டும் ஒன்றரை லிட்டர் இருக்கும்.

மாமா கேட்ட மாதிரி, ஆமா, வண்டி நிக்கிறது வேப்பமரத்தடிலதான். க்ளோவ் பாக்ஸ கழட்டி, உள்ள வர்ற காத்த வடிகட்டுற கேபின் ஃபில்டரப் பாத்தேன், ஒரு ஓரம் மடங்கி அந்த இடுக்கு வழியாத்தான் பூவெல்லாம் உள்ள போயிருக்கு. கடைசியா சர்வீஸ்ல மாத்துனதா பில்லுல இருக்கு, என்னத்த சொல்ல.

இப்ப சொட்டு நல்லா வருது, ஆனா வண்டிக்குள்ள ஈரத்துணி நாத்தம். கார்பெட்டுக்கு அடில ஸ்பான்ஜ் இன்னும் ஈரமாத்தான் இருக்கு. சீட்ட கழட்டலாமா?

ஸ்பேனர்_மாமா
சீட்ட விடுங்க. அதுக்கு அடில மஞ்ச கலர் கனெக்டர் இருக்கும், ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அதுல கை வைக்க வேணாம். கதவோரத்து பிளாஸ்டிக் பீடிங்க எடுத்தீங்கன்னா கார்பெட் ஒரு ஓரமா தூக்கும், நியூஸ்பேப்பர சுருட்டித் திணிச்சு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்துங்க, அப்புறம் நாலு கதவையும் தொறந்து வெயில்ல ரெண்டு நாள். ஸ்பான்ஜ் முழுசா காயாம சென்ட் பாட்டில் தொங்க விட்டா மல்லிகைப்பூவும் பூஞ்சையும் சேந்து அடிக்கும், அனுபவம். இனிமே வீடு சேர அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஏசிய அணைச்சுட்டு ஃபேன மட்டும் ஓட விடுங்க, காயில் காஞ்சுரும்.

கோவை_டர்போ
டியூப் வாய்ல கொசுவலை கட்டிட்டா குளவி வராதுல்ல?

மழைக்கால_சாரதி
அந்த வலைலயே சேறு தங்கி மறுபடி அடைக்கும் ப்ரோ. சும்மா விடுங்க, ஆயில் மாத்துறப்போ ஒருக்கா கம்பிய விட்டா போதும்.

திருச்சி_பைபாஸ்
பேப்பர் வச்சாச்சு. அம்மா இனிமே பின்சீட்டுலதான் உக்காருவாங்களாம்.