ஸ்கேனர் மாட்டியும் எந்திரம் பேசவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

கதிர்வண்டி:
அறுவடை பாதியில் ஹார்வெஸ்டர் எந்திரம் லிம்ப் மோடுக்குப் (கோளாறு என்று சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும் நிலை) போய்விட்டது. மெக்கானிக் கொண்டு வந்தது காரில் கோளாறு படிக்கும் ஓபிடி ஸ்கேனர், 16 பின். எந்திரத்தில் இருந்ததோ வட்டமான 9 பின் சாக்கெட். மாற்று கேபிள் போட்டதும் ஸ்கேனர் திரை ஒளிர்ந்தது. அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடி, "இசியூவுடன் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தொடர்பு இல்லை". கழற்றி மாட்டினாலும் அதே வரி. மழை மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கேபிளைப் பார்த்தாலே இப்போதும் எரிச்சல் வருகிறது.

இன்ஜெக்டர்:
கேபிள் மேல் பழி போடாதீர்கள். அது பின்னை மட்டும்தான் மாற்றிக் கொடுக்கும். கார் ஸ்கேனர் பி0087 மாதிரி பிழைக் குறியீட்டைத் தேடும்; டிராக்டர், ஹார்வெஸ்டர் பெரும்பாலும் கனரக வண்டிகளுக்கான ஜே1939 முறையில் எஸ்பிஎன் (எந்த இடத்தில் கோளாறு), எஃப்எம்ஐ (என்ன வகைக் கோளாறு) எண்களைத்தான் அனுப்பும். சாக்கெட் நிறத்தையும் பாருங்கள். கறுப்பு என்றால் தகவல் போகும் வேகம் நொடிக்கு 250 கிலோபிட், பச்சை என்றால் 500. பச்சை பிளக் கறுப்பு சாக்கெட்டில் ஏறும், கறுப்பு பிளக் பச்சையில் ஏறாது. எனக்கு வந்தது எஸ்பிஎன் 157, அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் குழாயின் அழுத்தம்; அது குறைவு என்று எஃப்எம்ஐ சொன்னது. பம்ப்பை மாற்றச் சொன்னார்கள். லைவ் டேட்டாவில் (ஓடும்போதே சென்சார் அளவுகளைக் காட்டுவது) பார்த்தால், லோடு ஏறும்போது மட்டும் இசியூ கேட்ட அழுத்தத்துக்கும் கிடைத்த அழுத்தத்துக்கும் இடைவெளி விழுந்தது. டீசல் ஃபில்டரை மாற்றியதும் திரையில் இரண்டு அழுத்தத்தின் வரைகோடுகளும் ஒட்டிக்கொண்டு ஓடின. அதைப் பார்த்த நிமிடம் மறக்காது.

மண்வாசி:
லைவ் டேட்டா போதும் என்கிற மாதிரி சொல்கிறீர்கள், எனக்குப் போதவில்லை. டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைத்திருந்தது. கருவி எல்லாவற்றையும் அழகாகக் காட்டியது, ஆனால் அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் கட்டளை கொடுக்க முடியவில்லை. பிழைக் குறியீட்டை அழித்தால் கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெட்டியில் "எல்லா எந்திரங்களுக்கும்" என்று இருப்பதை நம்பி எடுக்காதீர்கள். உங்கள் மாடல், இசியூ இரண்டையும் சொல்லி, பிழைக் குறியீடு படிக்குமா, லைவ் டேட்டா வருமா, ரீஜெனரேஷன், இன்ஜெக்டர் கோடிங் (புது இன்ஜெக்டரின் எண்ணை இசியூவில் பதிவது) செய்யுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். முடிந்தால் உங்கள் எந்திரத்திலேயே மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அப்டேட்டுக்கு ஆண்டுச் சந்தா உண்டா, கட்டாவிட்டால் கருவி பூட்டிக்கொள்ளுமா என்பதும் முக்கியம். வண்டி 24 வோல்ட் என்றால் கருவி தாங்குமா என்று பார்க்காமல் மாட்டவே கூடாது. அப்புறம், ரீஜெனரேஷன் கட்டளை கொடுக்கும் முன் வைக்கோல், உமி எதுவும் சைலன்சர் பக்கம் இல்லாமல் பெருக்கிவிடுங்கள். உள்ளே சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.