சிறுநீரில் தேடப்படும் பொருளுக்கு எந்தப் பெயர்?

குருதியில் அமோனியா மிகும் பிறப்புரிமைக் (மரபணுவழிக்) கோளாறுகளைக் கண்டறியச் செய்யப்படும் சிறுநீர்ச் சோதனைக்குச் ‘சிறுநீர்க் கழிவுப்பொருட் சோதனை’ என்ற பெயரை நண்பர் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். எளிய சொல், யாழ்ப்பாணத்து வைத்தியசாலைப் படிவமொன்றில் அச்சிட்டால் எவருக்கும் விளங்கும். ஆயினும் பொருள் பிழைப்பதால் அதனை ஏற்க என்னால் இயலவில்லை.

புரதம் சிதையும்போது உண்டாகும் அமோனியாவை ஈரல் யூரியாவாக மாற்றுகிறது. இச்சுழற்சியைக் கிரெப்சும் ஹென்செலைற்றும் 1932இல் விளக்கினர். கழிவு என்று சொல்லத்தக்கது அந்த யூரியாவே. சோதனையில் தேடப்படும் ஒரோற்றிக் அமிலத்தின் கதை வேறு. இச்சுழற்சிக்கு வேண்டிய ஓர்னிதைன் திரான்ஸ்காபமைலேஸ் என்னும் நொதியம் குறைந்த குழந்தையில், அமோனியாவிலிருந்து ஆகி அந்நொதியத்துக்குச் சேரவேண்டிய காபமொயில் பொஸ்பேற்று கலத்தின் உள்ளுறுப்பான இழைமணிக்குள் தேங்கி, வெளியே கசிந்து, மரபுப்பொருளின் கூறான பிரிமிடீன் ஆக்கப்படும் பாதையில் புகுந்துவிட, அப்பாதையின் இடைப்படியான ஒரோற்றிக் அமிலம் மிகுந்து சிறுநீரில் இறங்குகிறது. தோட்டத்தில் வாய்க்கால் அடைபட்டால் இறைத்த நீர் வரம்பை உடைத்து அயற்பாத்திக்குள் பாய்கிறது. அதனை எவரும் கழிவுநீர் என்பதில்லை. காபமொயில் பொஸ்பேற்றை ஆக்கும் நொதியமே குறைந்திருந்தாலோ கசிவதற்கு எதுவும் இராது: அமோனியா உயரும், ஒரோற்றிக் அமிலம் உயராது. அடைப்பு எங்கே என்று அறியவே சிறுநீரைப் பார்க்கிறோம். ‘கழிவு’ என்ற பெயர் அதனை மறைத்துவிடும்.

அடுத்து வந்த ‘இடைவிளைபொருள்’ ஒரோற்றிக் அமிலத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் அமோனியாவை உயர்த்தும் கோளாறுகளில் புரொப்பியோனிக் அமிலக் கோளாறும் ஒன்று. அதில் சிறுநீரில் காணப்படும் மெதைல் சித்திரேற்று, தேங்கிய பொருள் வேறொன்றுடன் கூடிப் பிறந்த பக்கவிளைவேயன்றி, உடலின் இயல்பான பாதை எதிலும் இடைப்படி ஆகாது. ஆகவே இச்சொல் பாதி நோய்களை வெளியே நிறுத்திவிடும்.

உடலில் பொருள்கள் ஆகியும் சிதைந்தும் மாறுவது அனுசேபம். அதிலிருந்து ஆக்கிய ‘அனுசேபி’ என்ற சுருக்கம் காதுக்கு இனிமையாக இருந்தாலும், கடத்தி, ஊக்கி, உணரி என நாம் ஆளும் சொற்களில் இகர விகுதி செய்வதைக் குறிக்கிறது. இங்கோ நமக்கு வேண்டியது செயலில் விளைந்த பொருள். தமிழ்நாட்டு நண்பர்கள் ‘வளர்சிதைமாற்றப் பொருள்’ என்பர். பிழையில்லை, ஆனால் நீளம். எங்கள் மாணவர் பாடநூலில் பயின்றது அனுசேபம். எனவே ‘அனுசேபப்பொருள்’ போதும் என்பது என் துணிபு.

அமோனியா மிகுந்த நிலைக்கு ‘உயர் குருதி அமோனியா’ என்பதே நன்று. ‘உயர் குருதியமுக்கம்’ ஏற்கெனவே வழக்கில் உள்ளதால் (வீட்டில் பிறஷர் என்றுதான் சொல்கிறோம், அது வேறு) அதே அச்சில் இதுவும் நிற்கும்.

ஒரோற்றிக் என்பதைத் தமிழாக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். 1905இல் பாலின் தெளிநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால், அத்தெளிநீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. ‘பாற்றெளி அமிலம்’ என்று ஆக்கிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் பாலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டென்று ஒரு தாய் எண்ணிவிடக்கூடும். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீனின் இரசாயன நூலே 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரோடு வெளிவந்தது. ஒலிபெயர்ப்புக்கு நாம் கூச வேண்டியதில்லை. அசற்றிக், சித்திரிக் வரிசையில் ஒரோற்றிக் அமிலம் என்றே இருக்கட்டும்.

‘பரம்பரை வருத்தம்’ என்ற சொல்லை மட்டும் படிவத்தில் தவிர்க்க வேண்டுகிறேன். இக்கோளாறுகளுள் பெரும்பாலானவற்றில் தாய், தந்தை இருவரும் நோயின்றிக் குறைபாட்டைக் காவுபவர்கள். முன்னோரில் ஒருவருக்கும் நோய் வந்திராது. பரம்பரை என்றதும் ஊரில் எழும் முதற்கேள்வி, யாருடைய பக்கத்தால் வந்தது என்பதுதான். ‘பிறப்புரிமைக் கோளாறு’ அந்தக் கேள்வியைச் சற்றேனும் தள்ளிவைக்கும். அவ்வாறாயின் படிவத்தின் தலைப்பு ‘உயர் குருதி அமோனியா: சிறுநீர் அனுசேபப்பொருட் சோதனை’ என்று அமையும்.