கையில ஒட்டுற சுகர் சென்சார்: உங்களுக்கு என்ன நடந்துச்சு?

நொய்யல் மருமக

எங்க மாமியாருக்கு நடந்தது, கையில ஒட்டுனா சுகர் எவ்வளவுன்னு போன்ல காட்டுமே அந்த சென்சாரு. ஒட்டுனது, போன்ல ஏத்துனது எல்லாம் நீங்களே பாத்திருப்பீங்க, நேரா விசயத்துக்கு வர்றேன். நடுராத்திரி அலாரம் அடிக்குது, சுகர் 54க்கு எறங்கிருச்சுன்னு செவப்புல காட்டுது. வூடே எந்திரிச்சிருச்சு. வூட்டுக்காரரு குளுக்கோஸ் கலக்கறேன்னு சொம்பத் தேடறாரு, கொழுந்தனாரு கார் சாவிய எடுத்துட்டாரு, நான் அத்தையோட தோளப் புடிச்சு உலுக்கறேன். அவங்க நிதானமா எந்திரிச்சு உக்காந்து சேலையச் சரி பண்ணிக்கிட்டு "ஏண்டா எழவு வூடாட்ட எல்லாரும் சுத்தி நிக்கறீங்க, யாருக்கு என்னாச்சு"ங்கறாங்க. விரல்ல குத்திப் பாத்தா 131. சென்சார் இருக்கற கை மேலயே ஒருக்களிச்சுப் படுத்திருந்திருக்காங்க, அந்த எடம் அமுங்குனா கம்மியாக் காட்டும்னு காலைல டாக்டர் சொன்னாரு. அது சரிங்க. ஆனா அன்னில இருந்து அத்தை மல்லாக்கத்தான் படுக்கறாங்க. திரும்புனா போனு கத்திருமோன்னு பயம். விடிய விடிய விட்டத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கறாங்க, அதுதான் எனக்கு வெசனமா இருக்குது.

தாராபுரம் பண்ணையம்

மேல அம்மணி சொன்னது நெசம்தானுங்க, ஆனா அதுக்காக அலாரம் எல்லாமே பொய்யின்னு யாரும் அமத்தி வெச்சறாதீங்க. தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போனோம், கூட எங்க மச்சான், கிளிமிபிரைடுன்னு சுகரக் கொறைக்கற மாத்திரை போடறவரு, போன சத்தமில்லாம வெச்சிருந்தாரு. வெயிலுக்குப் பயந்து ராத்திரி நடைதானுங்க. சோறு திங்காம மாத்திரைய மட்டும் முழுங்கிட்டு வந்திருக்காரு, எங்களுக்குத் தெரியாது. நல்லாப் பேசிக்கிட்டு வந்த மனுசன் திடீர்னு நின்னு சட்டைப்பையத் தடவறாரு, வேட்டி மடிப்ப அவுத்துப் பாக்கறாரு. என்ன மச்சான்னா "டிக்கெட் எடுத்தனா இல்லியா, கண்டக்டர் வந்தா என்ன சொல்றது"ங்கறாரு. நடுரோட்டுலங்க. சுத்தியும் காவடி போகுது, இவரு பஸ்ஸுக்குள்ள நிக்கறாரு. சட்டை தொப்பலா நனஞ்சிருச்சு. போனக் கை மேல வெச்சா 61, வேகமா எறங்குதுன்னு அம்புக்குறி நேராக் கீழ பாக்குது. பக்கத்துப் பந்தல்ல சக்கரப் பொங்கல் குடுத்துட்டிருந்தாங்க, பந்தல்காரப் பெரியவரே தொன்னையோட வந்து ஊட்டுனாரு. பாத்தா 56. இன்னொரு தொன்னை. 55. இன்னொன்னு. மச்சான் தெளிஞ்சு பேச ஆரம்பிச்சுட்டாரு, நம்பரு மட்டும் ஏறல, பெரியவரும் விடல. பொழுது விடியறப்ப 300ஐத் தாண்டிருச்சுங்க. அது கெடக்குது விடுங்க, அந்த டிக்கெட்டத் தேடுன கையி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

திருப்பூர் செக்கிங்

எனக்கு கம்பெனில நடந்தது. போன் உள்ள கொண்டு போகக்கூடாது, புது டிசைன் வெளிய போயிரும்னு பயம், வாசல்லயே வாட்ச்மேன் டப்பால போட்டுட்டுப் போகணும். நான் ஒட்டியிருக்கறது போனக் கிட்ட கொண்டு போனாத்தான் நம்பர் காட்டற வகை. அதுக்குள்ள 8 மணி நேரத்துக் கணக்குத்தான் நிக்கும், பழசு அழிஞ்சிரும். ஒன்ற ஷிப்டுன்னா தெரியுமில்ல, காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய. அப்ப வந்து போன வெச்சா மத்தியானத்துல இருந்துதான் கோடு வருது. காலைல டீ டைம்ல தின்ன பன்னு, போண்டா ஒன்னும் கணக்குல இல்ல. டாக்டர் அதைப் பாத்துட்டு "ஏம்மா, காலைல காலைல கழட்டி வெச்சர்றியா"ங்கறாரு. ஒட்டுனத எப்படிங்க கழட்டி வெக்கறது, தோடா அது. சரின்னு சூப்பர்வைசர் கிட்டப் போயி மத்தியானம் ஒரு நிமிசம் போன் வேணும்னு கேட்டேன். அந்தப் பொண்ணு என் ஜாக்கெட் கைய ஒதுக்கி ஒரு விரலால தொட்டுப் பாத்து "இது படம் புடிக்குமாக்கா"ன்னு கேட்டுச்சு. இல்ல கண்ணு, சுகருன்னேன். மேனேஜரக் கேட்டுட்டு வர்றேன்னு போச்சு. இன்னும் கேட்டுட்டே இருக்குது.

அப்பறம் இறுக்கமா ஜாக்கெட் தெச்சுப் போடறவங்க ஒட்டறதுக்கு முன்னாடியே டெய்லர்கிட்டக் கையப் பிரிச்சுக்கங்க, மாட்டறப்ப இழுத்துட்டு வந்துரும்.

கோபிக்காரன்

எனக்கு சுகர்னு தெரிஞ்சதுல இருந்து எங்கப்பத்தா ராவுக்கு ராகிக் களிதான் கிண்டுது. சென்சார் ஒட்டுன புதுசுல ஒரு நாள் களியும் கீரையும், மறுநா அரிசியும்பருப்பும் நெய் ஊத்தி. களிக்கு 238 போச்சு, அரிசியும்பருப்புக்கு 190 கிட்டத்தான். அப்பத்தாகிட்ட போனக் காட்டி இந்தக் கோடு களி, இந்தக் கோடு சோறுன்னு வெளக்கமாச் சொன்னேன். கண்ணாடியப் போட்டுப் பாத்துச்சு. "என்ற மாமியா களி தின்னே தொண்ணூறு வயசு இருந்தா. உன்ற போனு எத்தன வருசமா இருக்குது?"ன்னு கேட்டுட்டு துடுப்பக் கழுவப் போயிருச்சு. இது வரைக்கும் எனக்குப் பதில் வரல.

ஈரோட்டு வாத்தியார்

என்ற கதை சின்னது. ஒட்டுன அன்னிக்கே கதவு நிலைல இடிச்சுப் பிஞ்சு போச்சு, காசும் போச்சு. ஆனா மேல எழுதுனவங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கு.

தாராபுரத்துக்காரரே, சக்கரப் பொங்கல் இனிப்புதான், ஆனா நெய் சேந்தது, சக்கரை ரத்தத்துல கலக்க நேரமாகும். தாழ்ந்து போன ஆளுக்கு 15 கிராம் குளுக்கோஸ் பவுடரத் தண்ணில கலக்கிக் குடுக்கணும், 15 நிமிசம் பொறுக்கணும், அப்பறம் விரல்ல குத்திப் பாக்கணும். சென்சார் ரத்தத்தையே பாக்கறதில்ல, தோலுக்கடியில ஊறற நீரத்தான் பாக்குது, ரத்தத்துல ஏறுன சக்கரை அங்க வந்து சேர அஞ்சு பத்து நிமிசம் பிந்தும். வேகமா ஏறறப்பவும் எறங்கறப்பவும் அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். உங்க மச்சான் தெளிஞ்சது நெசம், நம்பருதான் பின்னாடி வந்துட்டிருந்துச்சு.

கோபித் தம்பி, ஒரு ராத்திரிக் களியையும் ஒரு ராத்திரிச் சோத்தையும் வெச்சு அப்பத்தா கூட மல்லுக்கு நிக்காதீங்க. எத்தன உருண்டை தின்னீங்க, மாவு எவ்வளவு நைசா அரைச்சது, தின்னுட்டு நடந்தீங்களா படுத்தீங்களா, அதெல்லாம் எழுதலியே. நைசா அரைச்ச மாவுன்னா ராகியும் வெரசா ஏத்தும். அப்பத்தாவோட மாமியா களி தின்னுட்டுக் காட்டுல பொழுது வரைக்கும் களை வெட்டிருப்பாங்க, நீங்க தின்னுட்டுப் போனப் பாக்கறீங்க. உருண்டைய சின்னதாக்குங்க, கீரையக் கூட்டுங்க, கால் மணி நேரம் வாசல்ல நடங்க, அதே அளவத் திரும்பத் திரும்பத் தின்னு பாருங்க. ஒட்டுன மொத நாள் நம்பர ரொம்ப நம்பாதீங்க. சில சென்சாருக்கு வைட்டமின் சி மாத்திரை அதிகமாப் போட்டாலும் கூடுதலாக் காட்டும்.

நொய்யல் அம்மணி, அடுத்தது வாங்குனா அத்தை எந்தப் பக்கம் படுப்பாங்களோ அதுக்கு எதிர்க் கையில ஒட்டுங்க. திருப்பூர் அம்மணி, டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி ஆபீஸ்ல குடுங்க, எழுத்துல இருந்தா யாரும் மறுக்க மாட்டாங்க.

தாராபுரம் பண்ணையம்

பாடத்துக்கு நன்றிங்க வாத்தியாரே. ராத்திரி பழனி ரோட்டுல 15 கிராம எதுல நிறுக்கறதுங்க?

திருப்பூர் செக்கிங்

லெட்டர் போன வாரமே குடுத்தாச்சுங்கய்யா. வாங்கிப் படிச்சுட்டு, போனோட சேத்து வாட்ச்மேன் டப்பாலயே வெச்சுட்டாங்க.