கேட்காமலே வந்த நாற்காலி

நீலக்குடை எழுதியது:

பத்து நாள் விபாசனா தியான முகாம், இது எனக்கு எத்தனையாவது என்று கேட்காதீர்கள், சொன்னால் அதிலேயே கர்வம் எட்டிப்பார்க்கும். வயது 67. இடது முழங்கால் எப்படி என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஆறாம் நாள் காலை அதிட்டான அமர்வு, அதாவது ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்காரும் அமர்வு. போனால் என் திண்டு இல்லை. அந்த இடத்தில் ஒரு நாற்காலி. பேரன் வயதுப் பையன், தம்ம சேவகன், அதாவது முகாமில் உதவி செய்பவன், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மௌன விரதம், வாய் திறக்க முடியாது. உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரமும் முழங்காலில் துளி வலி இல்லை. ஆனால் நான் உட்கார்ந்ததிலேயே மோசமான அமர்வு அதுதான். 'உன்னை யாரடா கேட்டது' என்பது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. தலையிலிருந்து பாதம் வரை கவனத்தை நகர்த்த வேண்டும், அது நெஞ்சைத் தாண்டவே இல்லை. உடல் வலி முதல் அம்பு, அதை எண்ணிப் புழுங்குவது இரண்டாவது அம்பு என்று புத்தர் சொன்னதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! எனக்கு முதல் அம்பே இல்லாமல் இரண்டாவது தைத்தது. நாலு மாதம் ஆகிறது, மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் அந்தப் பையன் வந்து நிற்கிறான்.

மழைக்கால்வாய் எழுதியது:

எனக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். முப்பது வருடப் பயிற்சி அவருக்கு. இப்போது ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் மாலையில் தானாகப் போய் உட்காருவார், நானும் பக்கத்தில் உட்காருவேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைத் திறந்து "மணி அடிச்சாச்சா?" என்பார். "இன்னும் இல்லப்பா." அன்றைக்கு ஏழாவது முறை கேட்டபோது கத்திவிட்டேன், "அடிச்சாச்சு, எழுந்திருங்க!" மறுபேச்சில்லாமல் எழுந்துவிட்டார். கையை ஊன்றி மெதுவாக எழுந்தார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. எதையும் மறந்துவிடுவார் அவர், இதை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

உடல் நோயுற்றாலும் மனம் நோயுறாதிருக்கப் பழகு என்று வயதான சீடர் நகுலபிதாவிடம் புத்தர் சொன்னார். சரி. மனமே கரைந்துகொண்டிருப்பவர் எதைப் பழகுவது? பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தெரியாதவர்கள் தயவுசெய்து ஆறுதல் சொல்லாதீர்கள்.

பழைய அச்சாணி எழுதியது:

நீலக்குடை ஐயா, ஒரு நாற்காலிக்கு இவ்வளவு ரோஷமா? சதிபட்டான சூத்திரத்தில், அதாவது கவனத்தை நிலைநிறுத்துவது பற்றிய புத்தரின் உபதேசத்தில், நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது நான்குமே இருக்கிறது. சம்மணம் போட்டால்தான் தியானம் என்று எந்தச் சூத்திரத்தில் வருகிறது? புத்தரே ஒருமுறை, முதுகு வலிக்கிறது, நீ பேசு என்று சீடர் ஆனந்தரிடம் உபதேசத்தை ஒப்படைத்துவிட்டு வலப்பக்கம் சாய்ந்து படுத்தார். 80 வயதில் தன் உடம்பை வாரால் கட்டி ஓட்டும் பழைய வண்டி என்றார். அவருக்கு இல்லாத கௌரவம் நமக்கு எதற்கு?

நான் ஒருநாள் அமர்வு முடிந்ததும் சட்டென்று எழுந்து, தலைசுற்றிக் கதவில் மோதிக்கொண்டவன். அதனால் சொல்கிறேன். வயதானால் எழும்போது ரத்த அழுத்தம் இறங்கலாம், முதலில் கால்விரலை அசையுங்கள், பிறகு முன்னால் நகர்ந்து விளிம்பில் உட்காருங்கள், நாலு மூச்சு விட்டுவிட்டு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுங்கள். ஜான் கபட்-ஜின் 1979-இல் மருத்துவமனை நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியிலேயே உடலைப் படுத்தபடிதான் பகுதி பகுதியாகக் கவனிக்கச் சொல்கிறார்கள். தூங்கிவிடுவோம் என்று பயந்தால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நடைத் தியானமும் நல்லது, பாதத்தைத் தூக்குவது, நகர்த்துவது, வைப்பது, அவ்வளவுதான், ஆனால் சுவரோரமாக நடங்கள். அப்புறம் வலியைக் கவனிக்கிறேன் என்று மருத்துவரிடம் போகாமல் இருக்காதீர்கள். மழைக்கால்வாய், அப்பாவுக்குக் கைபேசியில் மணியடிக்கும் செயலி ஒன்று போட்டுக்கொடுங்கள்.

இரண்டாம்நடை எழுதியது:

அச்சாணி அண்ணா, அவர் நாற்காலியைப் பற்றிக் கேட்கவே இல்லையே. சூத்திரம் தெரியாமலா அவருக்குச் சுட்டது?

'முதுமை என் இயல்பு, முதுமையை நான் கடந்துவிடவில்லை' என்று தொடங்கும், புத்தர் சொன்ன ஐந்து நினைவுகூரல்களைத் தினமும் காலையில் சொல்கிறவள் நான். போன வாரம் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தேன். திரையின் மூலையில் ஒரு பெரியம்மா, கழுத்தெல்லாம் தொங்கிப்போய். அழைப்பில் வேறு யாரோ சேர்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சிரித்து, வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினேன். அவளும் தூக்கினாள். அன்று காலையிலும் அந்த வரியைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

மழைக்கால்வாய் எழுதியது:

செயலி போட்டாயிற்று. மணி அடித்தால் "அது என்ன சத்தம்?" என்கிறார். இப்போது மணியே வைப்பதில்லை. அவர் கேட்கும்போது "அடிச்சாச்சுப்பா" என்கிறேன், கத்தாமல். எழுந்துவிடுகிறார். சில நாள் எழுவதில்லை, திரும்பக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

நீலக்குடை எழுதியது:

அச்சாணி, சொன்னதெல்லாம் சரி. சுவரோரமாகவே நடக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். பத்தாம் நாள் மௌனம் முடிந்ததும் அந்தப் பையன் தேடி வந்தான். "ஐயா, உயரம் சரியா இருந்துச்சா?" என்று கேட்டான். "என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை" என்றேன். அவன் கேட்டது அதை இல்லை.