உங்கள் தோட்டத்து முனி கதைகள் தேவை

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து எழுதுகிறேன். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மாயக்கதை நாவல் எழுதி வருகிறேன். பால்மரக் (ரப்பர்) காட்டில் வழிதவறும் சிறுமி பழைய கடாரத்துக்குள், அதாவது அந்தக் காலக் கெடாவுக்குள் போய்விடுகிறாள். வரலாறு கையில் இருக்கிறது: பட்டினப்பாலையின் ‘காழகத்து ஆக்கம்’ (காழகம் என்பது கடாரமே என்பர்), 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுப்பு, இங்குள்ள சுங்கை பத்துவின் பழைய இரும்பு உலைகள். கப்பல்களுக்குக் கரை காட்டிய ஜெராய் மலை என் கதையில் பேசும்.

குறைவது லயத்துக் கதைகள்தான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் சொன்ன கதைகள். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகையில், காவல் தெய்வமான முனியாண்டி கோயிலைத் தாண்டினால் சுருட்டு வாசம் வரும், திரும்பிப் பார்க்காதே என்பார் அம்மாச்சி. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்; மீதியை நான் கேட்டு வைக்கவில்லை. உங்கள் தோட்டத்து முனி குதிரையில் வருவாரா, நடந்து வருவாரா? அப்போது நாய்கள் குரைக்குமா, அடங்கிவிடுமா? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் பேச்சிலேயே குரல்பதிவாக அனுப்புங்களேன். தோட்டத்தின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள்.