புதுப்பிப்பு: தனியார் உளவியல் சிகிச்சைக்குக் கட்டணம் குறைந்தது

தங்கையின் மனப்பதற்றத்துக்குப் பார்க்கும் தனியார் உளவியலாளரின் கட்டணம், 50 நிமிடத்துக்கு ரூ.1,800, கட்டுப்படியாகவில்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, "வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள்" என்ற பதில்தான். கேட்டோம், ரூ.1,000 ஆக்கினார். சம்பளச் சீட்டுகூடக் கேட்கவில்லை. இப்படிச் சில இடங்களை ஒதுக்கியே வைத்திருக்கிறாராம், கேட்பவர்கள்தான் குறைவு. வாரம் ஒரு முறை வருவதைக் குறைக்கலாமா என்றதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. தொடக்கத்தில் இடைவெளி விழுந்தால் பயிற்சிகள் நிலைக்காது என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

காப்பீடு கைகொடுக்கவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமான காப்பீடு தர வேண்டும். ஆனால் எங்கள் பாலிசியில் எந்த நோய்க்குமே வெளிநோயாளிச் செலவு கிடையாது. உங்களுடையதில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எதிர்பாராத ஒன்று: 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லாமல் ரத்து செய்தால் முழுக் கட்டணம். அப்புறம், உளவியலாளர் மருந்து எழுதித் தரமாட்டார். அதற்கு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறோம். இடையில் அவசரமாகப் பேச வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.